கடைசி பெஞ்ச்

"ஏம்மா, பின்னாடி போய் உட்காருங்க" என்று வாசலில் நின்றவர் சொன்னதும் அந்த அக்கா ஒரு வார்த்தை பேசாமல் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டார். இன்று காலை, குன்னூர் பக்கம் ஒரு ஆலயத்தில். முன்வரிசை காலியாகத்தான் இருந்தது.

சாயம் போன ஸ்வெட்டர், மழையில் நனைந்த சேலை ஓரம். எனக்குக் கண்ணில் பட்டது விரல்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கறுத்து, நகக்கண் வரைக்கும் தேயிலைக் கறை. வருஷக்கணக்கில் கொழுந்து பறித்த கையில் ஏறிய கறை அது, ஞாயிற்றுக்கிழமைக்காக எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் போகாது.

கொஞ்ச நேரத்தில் கோட் போட்ட ஒருவர் காரில் வந்து இறங்கினார். அவருக்கு முன்வரிசை.

பைபிளில் யாக்கோபு எழுதிய நிருபம், அதாவது கடிதம், 2-ஆம் அதிகாரம் அப்படியே இதுதான். பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடம், கந்தை உடுத்தியவனுக்குக் காலடியில் இடம். சபைக்குத்தான் அவர் அதை எழுதினார், வெளியாட்களுக்கு இல்லை.

அடுத்த ராஜாவைத் தேடி ஈசாயின் வீட்டுக்குப் போன சாமுவேல் தீர்க்கதரிசிகூட, மூத்த மகன் எலியாபின் உயரத்தைப் பார்த்து இவன்தான் என்று நினைத்துவிட்டார். "மனுஷன் முகத்தைப் பார்ப்பான், கர்த்தரோ இருதயத்தைப் பார்க்கிறார்" என்று கர்த்தர் சொன்னது அவ்வளவு பெரிய தீர்க்கதரிசியிடம். கர்த்தர் தெரிந்துகொண்ட கடைசி மகன் தாவீது அப்போது ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான், அவனைக் கூப்பிட வேண்டும் என்று வீட்டில் யாருக்கும் தோன்றவே இல்லை!

அப்புறம் நம்முடைய இயேசு? ஊர்க்காரர்கள் அவரையும் "இவன் தச்சன் அல்லவா" என்றுதானே தள்ளினார்கள்.

ஆராதனை முடிந்ததும் மூப்பர் ஒருவரிடம் சொன்னேன், கமிட்டியில் பேசுகிறேன் என்றார்.

சரி, கமிட்டி கூடட்டும். வாசலில் நிற்கிற அண்ணன்மாரே, அதுவரைக்கும் காத்திருக்காதீர்கள். தோட்டத்திலிருந்தோ மார்க்கெட்டிலிருந்தோ யார் வந்தாலும் முன்னால் கூட்டிப்போய் உட்கார வையுங்கள்.