36 கணினிகளைக் கண்டம் செய்யாமல் காப்பாற்றிய அனுபவம்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியபோது, உதகையில் நான் பணியாற்றும் கல்லூரியின் ஆய்வகத்தில் இருந்த 36 கணினிகளும் காலாவதியானவையாகக் கருதப்பட்டன. 2016-இல் வாங்கிய அவற்றில் இருப்பவை இன்டெல் ஆறாம் தலைமுறைச் செயலிகள். விண்டோஸ் 11 அவற்றை ஏற்பதில்லை. எல்லாவற்றையும் கண்டம் செய்து, அதாவது பயனற்றவை என்று கழித்துவிட்டு, புதியவை வாங்கக் கோப்பு தயாரானது. ஒரு கணினியின் கரிம உமிழ்வில் கணிசமான பங்கு அது தொழிற்சாலையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே நிகழ்ந்துவிடுகிறது என்பதால், நன்றாக ஓடும் கருவியைத் தூக்கி எறிய எனக்கு மனம் ஒப்பவில்லை. இரண்டு மாத அவகாசம் தருமாறு முதல்வரிடம் எழுதிக் கேட்டேன்.

முதலில் இயற்பியல் துறையிலிருந்து வாட் மீட்டரை வாங்கி வந்து அளந்தோம். சும்மா இருக்கும்போதே ஒரு கணினி, திரையோடு சேர்த்து 60 வாட் இழுத்தது. மாலை 5 மணி முதல் காலை 9 மணி வரை 36 கணினிகளும் அப்படியே ஓடினால், ஓர் இரவுக்கு 34 யூனிட்டுக்கு மேல் வீணாகிறது. ஏன் அணைப்பதில்லை என்று கேட்டபோது, "பனிக்காலத்துல அணைச்சா காலையில கிளம்பாதுங்க சார்" என்றார் ஆய்வக உதவியாளர். அவர் சொன்னது வெறும் நம்பிக்கை அல்ல. ஆடி மாத மேகமூட்டம் ஜன்னல் இடுக்கு வழியே அறைக்குள் வரும் ஊர் இது. கிளம்ப மறுத்த ஒன்றைத் திறந்து ரேம் எனும் நினைவக அட்டையைக் கழற்றிப் பார்த்தபோது, அதன் பொன்னிற விளிம்பு மங்கி, ஈரத்தூசி படலமாக ஒட்டியிருந்தது. பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, தூரிகையால் துடைத்து மீண்டும் செருகியதும் கணினி உயிர்பெற்றது. அதன்பின் ஜன்னல்களின் இடுக்குகளை ரப்பர் பட்டையால் அடைத்தோம்; பெட்டிகளுக்குத் துணி உறை தைத்தோம்; மாலை 5.30-க்குக் கணினிகள் தாமாகவே அணையும்படி அமைத்தோம். உறைபனி விழுந்த நாள்களிலும் மறுநாள் காலை அவை கிளம்பின.

ஹார்ட் டிஸ்க்குகளுக்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகம் மாட்டி, விண்டோஸுக்கு மாற்றாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவினோம். சி, பைத்தான், தரவுத்தளப் பாடங்களுக்கு அதில் ஒரு தடையும் இல்லை. விண்டோஸில் மட்டுமே இயங்கும் டேலி என்ற கணக்கியல் மென்பொருள் வணிகவியல் மாணவர்களுக்குத் தேவைப்பட்டதால், அலுவலகத்தில் இருந்த ஐந்து புதிய கணினிகளை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, எங்கள் ஐந்தை அலுவலகத்துக்கு மாற்றினோம். அங்கேதான் உண்மையான சிக்கல் எழுந்தது. பல ஆண்டுக் கடிதங்கள், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருந்ததால், அவை வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறந்தன. அவற்றை ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றவும், தட்டச்சருக்குத் தமிழ்99 விசைப்பலகை பழகவும் மூன்று வாரங்கள் பிடித்தன. அவருடைய பொறுமை இல்லாவிட்டால் இந்த முயற்சி அங்கேயே நின்றிருக்கும்.

கிடங்கில் 11 பழைய குழல் திரைகளும் (சி.ஆர்.டி. மானிட்டர்கள்) யு.பி.எஸ். பேட்டரிகளும் கிடந்தன. அவற்றை எடைக்குக் கேட்டு வந்தவர், வயரை ஓடைக்கரையில் கொளுத்திச் செம்பு எடுப்பதாகச் சாதாரணமாகச் சொன்னார். குழல் திரைக் கண்ணாடியிலும் பேட்டரியிலும் இருப்பது ஈயம். இந்த மலையின் ஓடைகள் கீழே எத்தனையோ ஊர்களுக்குக் குடிநீர். மின்னணுக் கழிவு விதிகள், 2022, பதிவு பெற்ற உற்பத்தியாளர், புதுப்பிப்பவர் அல்லது மறுசுழற்சியாளரிடம் மட்டுமே ஒப்படைக்கும் கடமையை 1000 கருவிகளுக்குக் குறையாமல் பயன்படுத்தும் பெரிய நிறுவனங்களுக்கே விதிக்கின்றன. சிறிய கல்லூரியாக இருந்தாலும் நாங்கள் அதே வழியில்தான் செல்வது என்று முடிவெடுத்தோம். பேட்டரிகளுக்குத் தனி விதிகள் இருப்பதால் அவற்றைப் பிரித்து வைத்தோம். இவ்வளவு குறைந்த சரக்குக்காக வண்டி மலையேறாது என்று கோவை மறுசுழற்சியாளரிடமிருந்து பதில் வந்ததால், அருகிலுள்ள இரண்டு கல்லூரிகளின் கழிவுகளும் சேரும்வரை காத்திருந்தோம். மதிப்பெண் விவரங்கள் இருந்த ஹார்ட் டிஸ்க்குகளை மாணவர்களே முழுவதுமாக மேலெழுதி அழித்தனர்.

வண்டி குன்னூர் வழியாக இறங்கிய அன்று மாலை, ஒப்புகைச் சீட்டை இருப்புப் பதிவேட்டில் ஒட்டி, 11 திரைகளின் வரிசை எண்களைச் சிவப்பு மையால் அடித்தேன். விலங்கியல் துறைக் கணினிகள் இன்னும் இரவு முழுவதும் ஓடுகின்றன. வாட் மீட்டர் இப்போது அங்கே இருக்கிறது.