பாகு காய்ச்சி ஒரு ஸ்காட்டிஷ் ஏல்

ஸ்காட்லாந்து என்றால் விஸ்கி என்றுதான் நண்பர்கள் திட்டம் போட்டிருந்தார்கள். எடின்பரோவிலிருந்து தெற்கே காரில் சுமார் ஒரு மணி நேரம் போனால் இன்னர்லெய்தன். அதன் பக்கத்தில் ட்ரக்வேர் மாளிகை. பழைய வீடு பார்க்கத்தான் இறங்கினோம். வீட்டுக்குள்ளேயே ஏல் என்ற பீர் வகையைக் காய்ச்சுகிறார்கள்.

18ஆம் நூற்றாண்டுச் செப்புக் கொப்பரையும் ஓக் மரத் தொட்டிகளும் வெகுகாலம் சும்மா கிடந்தன. 1965இல் வீட்டின் உரிமையாளர் பீட்டர் மேக்ஸ்வெல் ஸ்டூவர்ட் மறுபடி காய்ச்சத் தொடங்கினார். இன்றும் ஓக் தொட்டியில்தான் புளிக்க வைக்கிறார்கள்.

அவர்களுடைய ஹவுஸ் ஏலில் ஆல்கஹால் 7.2 சதவீதம். பேரீச்சை, கருகுவதற்குச் சற்றுமுன் இறக்கிய சர்க்கரை, கடைசியில் லேசான மர வாசனை. கசப்பு அடக்கமாக இருக்கிறது. இன்னொன்று ஜாகோபைட் ஏல், 8 சதவீதம். ஸ்டூவர்ட் வம்சத்தை மறுபடி அரியணை ஏற்ற 1745இல் நடந்த ஜாகோபைட் கிளர்ச்சியின் 250ஆம் ஆண்டை ஒட்டி வந்தது. அதில் கொத்தமல்லி விதை போடுகிறார்கள். வண்டி ஓட்டியவன் மோந்து பார்த்ததோடு சரி (அங்கே குடித்துவிட்டு ஓட்டுவதற்கான வரம்பு இங்கிலாந்தைவிடக் கடுமை). "டேய், சுக்குமல்லி காபிடா இது!" என்றான். அதற்குப் பிறகு எனக்கு வேறு வாசனையே தெரியவில்லை.

மான்செஸ்டர் திரும்பியதும் ஹவுஸ் ஏல் பாணியில் 10 லிட்டர் போட்டேன். வெளிர் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) 4 கிலோ, நிறத்துக்கு வறுத்த பார்லி 40 கிராம், கசப்புக்குக் கென்ட் கோல்டிங்ஸ் வகை ஹாப்ஸ் பூ 25 கிராம், அவ்வளவுதான். ஸ்காட்டிஷ் ஏல் என்றாலே பீட் என்ற சதுப்புநில மட்கின் புகை ஏற்றிய மால்ட் போடச் சொல்பவர்கள் உண்டு. அது விஸ்கிக்காரர்களின் சரக்கு, நான் சேர்க்கவில்லை.

வேலை எல்லாம் அடுப்பில்தான். மால்ட்டிலிருந்து முதலில் வடியும் கெட்டியான சாற்றில் 4 லிட்டரைத் தனியே எடுத்து, அகலமான பாத்திரத்தில் 1 லிட்டராகச் சுண்டும்வரை காய்ச்சினேன். கம்பிப் பதம் வேண்டாம்; கரண்டியில் ஒட்டினால் போதும். கடைசிப் பத்து நிமிடம் கிளறாமல் விட்டால் அடிபிடிக்கும். அதன் நிறம் மாறுவதை மூக்கே சொல்லிவிடும்: மால்ட் வாசனை போய் டாஃபி வாசனை வரும். அதை மீதிச் சாற்றோடு கலந்து, ஹாப்ஸ் போட்டு, வழக்கம்போல் ஒரு மணி நேரக் கொதி.

நாட்டிங்காம் ஈஸ்ட் போட்டு குளிர்ந்த அறையில் 15 டிகிரி பக்கம் வைத்தேன். சூடு கூடினால் பழ வாசனை கிளம்பும், இதற்கு அது ஒத்துவராது. சாற்றின் அடர்த்தி (தண்ணீர் 1.000) 1.070இல் தொடங்கி 1.020இல் நின்றது, கணக்குப்படி ஆல்கஹால் சுமார் 6.5 சதவீதம்.

புட்டியில் அடைத்து ஒரு மாதம் கழித்துத் திறந்தோம். டாஃபிச் சுவை அச்சு அசலாக வந்திருக்கிறது. மர வாசனை இல்லை. ஓக் சீவல் போட்டு அதைக் கொண்டுவரும் எண்ணமும் இல்லை, அது பலகைக் கடை வாசனையில்தான் முடிகிறது. இனிப்பு இன்னும் முன்னால் நிற்கிறது, இரண்டு மாதம் போனால் அடங்கும். அடுத்த முறை பாதியைப் பிரித்து, இடித்த மல்லி 5 கிராம் கொதி முடியும்போது போடப்போகிறேன். சுக்கும் போடு என்கிறான் வண்டிக்காரன்.