மலேரியா மார்க்கர் ஒப்பீடு: முதலில் ரத்தம் எடுத்த குழாயைப் பாருங்கள்

ஒரே ரத்த மாதிரியில் 18எஸ் ஆர்ஆர்என்ஏ, சைட்டோக்ரோம் பி, டேர்-2, வர்-ஏடிஎஸ் என்ற நான்கு மார்க்கரையும் (மலேரியா ஒட்டுண்ணியை அடையாளம் காட்டும் டிஎன்ஏ பகுதிகள்) பிசிஆரில் (டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கிக் கண்டறியும் சோதனை) ஓட்டி, எது மிகக் குறைந்த ஒட்டுண்ணியையும் பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. பிரைமர் (அந்தப் பகுதியைப் பிடிக்கும் குட்டி டிஎன்ஏ துண்டு) வந்தது, ஸ்டாண்டர்ட் கர்வ் (தெரிந்த அளவுகளை வைத்து வரையும் ஒப்பீட்டுக் கோடு) அழகாக விழுந்தது.

அப்புறம்தான் தலைவலி. நுண்ணோக்கியில் ஒட்டுண்ணி நன்றாகவே தெரிந்த மாதிரிகள் பிசிஆரில் நெகட்டிவ்! நான்கு மார்க்கரிலும்! ரத்தம் அனுப்பிய இடத்தில் கேட்டால் "எங்கள் பக்கம் எல்லாம் சரி, உங்கள் கிட்டைப் பாருங்கள்" என்றார்கள். படிவத்தில் குழாய் வகை என்ற கட்டம் காலியாகவே இருந்தது. சரிபார்க்கக் கூடவே ஓட்டிய மனித மரபணுவின் சிக்னலும் வழக்கத்தைவிடத் தாமதமாக ஏறியதால் ஏதோ ஒன்று வினையைத் தடுக்கிறது என்று சந்தேகம் வந்து, டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்த்து ஓட்டினேன், சிக்னல் வந்துவிட்டது. அந்த பிளேட்டை (மாதிரிகளை ஊற்றும் குழிகள் உள்ள தட்டு) பார்த்ததும் வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது. படத்தை அனுப்பிய பிறகுதான் ஹெப்பாரின் குழாய் என்று ஒப்புக்கொண்டார்கள். ஹெப்பாரின், ஈடிடிஏ இரண்டும் ரத்தம் உறையாமல் இருக்கக் குழாயில் சேர்ப்பவை; ஆனால் ஹெப்பாரின் பிசிஆரைத் தடுக்கும், ஈடிடிஏ குழாய்தான் வேண்டும். நீர்ப்பதும் முழுத் தீர்வு இல்லை, ஒட்டுண்ணி குறைவாக உள்ள மாதிரியில் இருக்கிற கொஞ்சமும் காணாமல் போய்விடும். எனவே ஈடிடிஏவில் புது ரத்தம் கேட்டு வாங்கினோம்.

அடுத்து, எதுவும் தெரியக் கூடாத, தண்ணீர் மட்டும் வைத்த குழியில் டேர்-2 பாசிட்டிவ். ஃபால்சிபாரம் என்ற மலேரியா ஒட்டுண்ணி இனத்தின் மரபணுத் தொகுதியில் 18எஸ் ஒரு சில பிரதிகள்தான், வர்-ஏடிஎஸ் சுமார் 59, டேர்-2 சுமார் 250. அதனால் துளி அசுத்தம் பட்டாலும் டேர்-2 காட்டிவிடும். பிளேட் நிரப்பும் அறையையும் பிசிஆர் முடிந்த குழாயைத் திறக்கும் அறையையும் கட்டாயம் பிரித்து வையுங்கள், தண்ணீர்க் குழிகளை பிளேட் முழுக்கப் பரப்பி வையுங்கள்.

குழாய்க்குப் பதில் தாளில் காயவைத்த ரத்தப் பொட்டில் 3 மிமீ வட்டம் வெட்டினால் கிடைப்பது சுமார் 3 மைக்ரோலிட்டர் ரத்தம். அதில் ஒட்டுண்ணியே விழவில்லை என்றால் 250 பிரதி இருந்தும் பயனில்லை, ரத்த அளவைக் கூட்டத்தான் வேண்டும்.

கடைசியில் 18எஸ் தவறவிட்ட சில மாதிரிகளை டேர்-2, வர்-ஏடிஎஸ் இரண்டும் பிடித்தன. ஆனால் இரண்டும் ஃபால்சிபாரத்துக்கு மட்டும். வைவாக்ஸ் என்ற இன்னொரு மலேரியா ஒட்டுண்ணி இனமும் வரக்கூடிய மாதிரி என்றால் சைட்டோக்ரோம் பியையோ 18எஸ்ஸையோ கைவிடாதீர்கள்.