தலைவலி மாத்திரையில் எனக்கு ஒத்துவந்தது

பாலக்கோட்டில் தையல் வேலை பார்க்கிறேன். ஒற்றைத் தலைவலி வந்தால் இடது பக்கம் விண்விண்ணென்று தெறிக்கும், வாந்தி வரும், டியூப் லைட் வெளிச்சம்கூட ஆகாது. மெடிக்கலில் வாங்கும் வலி மாத்திரையில்தான் பொழுது ஓடியது. தருமபுரியில் பார்த்த நரம்பு டாக்டர் முதலில் அதைத்தான் பிடித்துக்கொண்டார். "சாதா வலி மாத்திரையே மாசத்துல 15 நாளுக்குப் போனா, அதுவே தலைவலியைக் கொண்டுவரும்மா" என்றார். வலி வந்தால் போட நாப்ராக்சன், அதுவும் எண்ணி. வராமல் தடுக்கத் தினமும் ஒன்று. அந்தத் தினசரி மாத்திரை எது என்பதில்தான் இழுபறி.

வழக்கமாக எழுதுகிற ப்ரோப்ரனலால் எனக்கு இல்லை என்று ஆனது. எனக்கு வீசிங் உண்டு. அந்த மாத்திரை மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடுமாம். ஃப்ளுனாரிசின் இரவில் போட்டேன். வலி குறைந்தது உண்மை. ஆனால் கண்டபடி பசி. என் ஜாக்கெட்டையே தையல் பிரித்து விட வேண்டியதாயிற்று. மனசும் காரணமில்லாமல் சோர்ந்துபோனது. அதைச் சொன்னதும் டாக்டர் நிறுத்திவிட்டார்.

அப்புறம் டோபிராமேட். கருவுக்கு ஆகாது என்பதால் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆகிவிட்டதா என்று கேட்டார், சிறுநீரகக் கல் வந்ததுண்டா என்றும் கேட்டார். 25 மி.கி.யில் தொடங்கி மெல்ல ஏற்றினோம். எடை இறங்கியது. ஆனால் விரல் நுனியெல்லாம் ஊறல். கொக்கி கட்டும்போது ஊசி கையில் இருக்கிறதா என்றே தெரியாது. கோலி சோடா குடித்தால் சுரீரென்று இல்லாமல் சப்பென்று இருந்தது. அதுவும் இந்த மாத்திரையின் வேலைதானாம்! சோடாவை விட்டுவிடலாம், விரலை விட முடியுமா?

கடைசியில் அமிட்ரிப்டிலின் 10 மி.கி. "அது மனசு சரியில்லாதவங்களுக்குக் குடுக்கிறதாச்சே அண்ணி" என்றாள் நாத்தனார். டாக்டரிடமே கேட்டேன். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அளவு வேறு, தலைவலிக்கு இந்தக் கொஞ்சமே போதும் என்றார். வாய் வறண்டது, காலையில் தூக்கம் கலையவில்லை. படுக்கும்போது போட்டதை எட்டு மணிக்கே போட ஆரம்பித்ததும் தூக்கம் சரியானது. வறட்சிக்குப் பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர். இரண்டு மூன்று மாதம் பார்க்காமல் எந்த மாத்திரையையும் தள்ளக்கூடாது என்று சொல்லியிருந்தார். அதனால் வலி வந்த நாளையெல்லாம் தினசரிக் காலண்டர் தாளில் சுழித்துவைத்துக் கொண்டுபோய்க் காட்டினேன்.

இப்போதும் எப்போதாவது வருகிறது, வெயிலில் பட்டினியாக அலைந்தால் நிச்சயம் வரும். அதற்கென்று ரிசாட்ரிப்டான் தனியாக வைத்திருக்கிறேன். இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆகாது என்று ஈ.சி.ஜி. பார்த்துவிட்டுத்தான் எழுதிக்கொடுத்தார்.