'ப்ளீஸ் ரிவர்ட்'

மலேசியாவில், பத்தாங் பெர்ஜுந்தையில் ஒரு செம்பனைத் தோட்டத்து ஆபீஸில் 11 வருடமாகக் கிராணியாக, அதாவது எழுத்தராக இருக்கிறேன். தலைமையகத்துக்கு நான் எழுதும் மெயில்கள் ரொம்ப நாளாக 'ப்ளீஸ் ரிவர்ட்' என்றுதான் முடியும். பதில் போடுங்கள் என்ற அர்த்தத்தில். பெரிய கிராணி அப்படி எழுதுவார். நானும் அதையே பிடித்துக்கொண்டேன்.

ஒரு முறை, உயரமான மரங்களில் குலை வெட்டுவதற்குக் கூலியைக் கூட்டினார்கள். எந்தத் தேதியிலிருந்து என்று தெரியவில்லை. 'நியூ ரேட் ஃபார் டால் பாம்ஸ், ப்ளீஸ் ரிவர்ட்' என்று ஒரே வரியில் அனுப்பினேன். அங்கே சம்பளப் பிரிவுக்குப் புதிதாக வந்தவர் அதை அகராதிப்படி படித்துவிட்டார்: புதிய கூலியை எடுத்துவிட்டுப் பழையதையே போடச் சொல்கிறார்கள் என்று. பதில் வரவில்லை. நானும் விடாமல் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

சம்பளத்தன்று மாலை ஓர் அண்ணன் சன்னலருகே வந்து நின்றார். முழங்கை வரை முள் கீறல். சம்பளச் சீட்டை விரித்து, "ஏம்மா, குலைக் கணக்கு சரியாத்தான் இருக்கு. 80 வெள்ளி குறையுதே?" என்றார். கோபமே இல்லை. தன் கணக்கில்தான் தப்போ என்ற தயக்கத்தோடு கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பாக்கி அடுத்த மாதம் வந்து சேர்ந்தது. ஆனால் அந்த மாதச் செலவுக்கு அவர் கையில் அது இல்லை.

அப்புறம்தான் அந்தச் சொல்லை உட்கார்ந்து பார்த்தேன். ரிவர்ட் என்றால் பழைய நிலைக்குத் திரும்புவது. எங்கள் ஊரின் பெயர் 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று மாறியது. நாளைக்கே பெயர்ப்பலகையில் பழைய பெயர் ஏறினால், அது ரிவர்ட். குத்தகைக் காலம் முடிந்த நிலம் மாநில அரசிடம் திரும்பிப் போவதற்கு, 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின் ஆங்கில வாசகத்திலும் இதே சொல்தான். 'ரிவர்ட் பேக்' இன்னும் மோசம். திரும்புவது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, பேக் எதற்கு?

மலேசியா, சிங்கப்பூர், இந்தியா என்று எங்கள் பக்கத்து ஆபீஸ்களில் பதிலுக்கு இந்தச் சொல் புழங்குகிறது, உண்மைதான். சரி, பேச்சில் இருந்துவிட்டுப் போகட்டும். கூலி, தேதி, எண்ணிக்கை வருகிற வரியில் வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. 'ப்ளீஸ் ரிப்ளை' என்றால் யார் படித்தாலும் ஒரே அர்த்தம்.

நேற்று தலைமையகத்திலிருந்து மழைக்காலக் கூலி பற்றி ஒரு மெயில். கடைசியில் 'ரிவர்ட் பேக் பை மண்டே'. உடனே போனை எடுத்தேன். "சார், பதில்தானே கேட்கிறீங்க? கூலியை மாத்தச் சொல்லலையே?"