கேர்னல் ஆவணத்தை முதற்பக்கத்திலிருந்து வாசிக்கப் போகாதீர்கள்

இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்கு லினக்ஸ் டிரைவர் (வன்பொருளொன்றை இயங்குதளத்தோடு பேச வைக்கும் நிரல்) எழுதப்போகிறேன் என்று பெயர் கொடுத்த கையோடு நான் செய்த முதல் வேலை, திருகோணமலை பஸ் நிலையத்துக்குக் கிட்டவுள்ள போட்டோகொப்பிக் கடைக்குப் போனதுதான். லினக்ஸின் மையநிரலான கேர்னலின் ஆவணங்களில் டிரைவர் எழுதுபவர்களுக்கான பகுதி முழுவதையும் பிரின்ட் எடுத்துச் சுருள்கம்பி போட்டுக் கட்டினேன். மூன்று கட்டு வந்தது. உயர்தரத்துக்குப் படித்த பழக்கம் அப்படி. பாடநூல் கையில் இருந்தால் முதலாம் அலகிலிருந்து கோடு போட்டு வாசிக்க வேண்டும், அவ்வளவுதான் தெரியும். இரண்டு கிழமை வாசித்தேன். நாற்பதாம் பக்கத்துச் சொல்லுக்கு நானூறாம் பக்கத்தில் விளக்கம் கிடந்தது, அந்த விளக்கத்துக்குள் இன்னும் நாலு புதுச் சொல். ஒரு வரி கோட் எழுதியிருக்கவில்லை. அந்தக் கட்டுகளில் ஒன்று இப்போது அம்மாவின் தையல் மெஷின் ஆடாமல் முட்டுக் கொடுக்கிறது.

கேர்னல் மூலநிரலோடு வரும் 'டாக்குமென்டேஷன்' அடைவு ஒரு புத்தகமே இல்லை. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆட்கள், தங்களுக்குத் தேவைப்பட்டபோது எழுதி வைத்த குறிப்புகளின் களஞ்சியம் அது. 2016 இலிருந்து எல்லாவற்றையும் ஸ்பிங்க்ஸ் என்ற கருவிக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றி, வாசிப்பவர் யார் என்பதைப் பார்த்துப் பிரித்து அடுக்கத் தொடங்கினார்கள். கணினியை நிர்வகிப்பவருக்கு 'அட்மின்-கைட்', டிரைவர் எழுதுபவருக்கு 'டிரைவர்-ஏபிஐ', திருத்தம் அனுப்புபவருக்கு 'ப்ராசஸ்' என்று தனித்தனி அறைகள். அப்படியும் பழையதும் புதியதும் இன்னும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. நூலகத்துக்குள் போய் முதல் அலுமாரியின் முதல் புத்தகத்திலிருந்து வாசிப்பவரை நான் கண்டதில்லை. நான் செய்தது அதைத்தான்.

என்னை வழிக்குக் கொண்டுவந்தது ஒரு பிழைச் செய்தி.

என் செயற்றிட்டம், ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினிப் பலகையில் காற்றழுத்தச் சென்சர் ஒன்றைப் பொருத்தி, அதற்கு நானே டிரைவர் எழுதி, கேர்னலில் ஏற்கெனவே இருக்கும் டிரைவரின் அளவீட்டோடு ஒப்பிடுவது. ஒப்பிட ஒரு சரியான விடை இருக்கும் பொருளை எடுத்ததுதான் நான் தெரிந்து செய்த ஒரே புத்திசாலித்தனம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். யாரும் டிரைவர் எழுதாத பொருளை எடுத்தால், பிழை உங்களிலா பொருளிலா என்று தெரியாமலே தவணை முடிந்துவிடும்.

ஈரப்பதனும் சேர்த்து அளக்கும் பிஎம்இ280 வேண்டுமென்று ஒன்லைனில் வாங்கினேன். ஜம்பர் வயர் நாலு குத்தி, சென்சரும் கணினியும் பேசிக்கொள்ளும் ஐ-டு-சி பஸ்ஸைத் துழாவும் கட்டளையைக் கொடுத்தால் ஹெக்ஸில் (பதினாறின் அடி எண்முறையில்) 76 என்ற முகவரி தெரிந்தது. சந்தோஷம். பையின் கட்டமைப்புக் கோப்பில் பிஎம்இ280 என்று எழுதி மறுபடி பூட் பண்ணினேன். ஒன்றும் வரவில்லை. கேர்னல் பதிவைத் திறந்தால் ஒரே ஒரு வரி: சிப் அடையாளம் தவறு, எதிர்பார்த்தது 60, கிடைத்தது 58.

முன்பு என்றால் அந்த வரியை அப்படியே கூகிளில் போட்டு, முதலில் வருகிற கட்டளையை நகலெடுத்து ஒட்டியிருப்பேன். அன்றைக்கு டேட்டா முடிந்துபோயிருந்தது. இருந்தது பையின் கேர்னல் மூலநிரல் மட்டும். அதற்குள் அந்தச் செய்தியின் சொற்களைக் கிரெப் என்ற தேடற்கட்டளையால் தேடினேன். டிரைவரில் நேரே அந்த இடத்துக்குப் போய் நின்றது. சிப்பின் டீ0 (D0) பதிவேட்டை, அதாவது அடையாள எண் இருக்கும் சின்ன நினைவிடத்தை, வாசித்து, வந்த எண் அட்டவணையில் உள்ளதோடு பொருந்தாவிட்டால் கைவிட்டுவிடு என்று எழுதியிருந்தது. மேலே அட்டவணையைப் பார்த்தால் 60 என்பது பிஎம்இ280, 58 என்பது பிஎம்பி280. ஈரப்பதன் இல்லாத, விலை குறைந்த தம்பியை அண்ணன் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள்! இரண்டு கிழமை வாசித்து விளங்காத 'ப்ரோப்' என்ற சொல் அந்தப் பத்து நிமிடத்தில் விளங்கியது. பொருள் இருக்கிறதா, அது தான் நினைக்கும் பொருள்தானா என்று டிரைவர் தட்டிப்பார்க்கிற இடம் அது.

கட்டமைப்பில் ஒரு எழுத்தை மாற்றியதும் வேலை செய்தது. ஆனால் பஸ்ஸைத் துழாவினால் 76 இருந்த இடத்தில் இரண்டு 'யூ' எழுத்து. சென்சர் எரிந்துவிட்டது என்று நினைத்து வயரைக் கழற்றிவிட்டேன். அந்த முகவரியை ஒரு டிரைவர் பிடித்து வைத்திருக்கிறது, ஆகவே நான் தொடவில்லை என்பதுதான் அதன் அர்த்தம். கட்டளையின் கைநூல் பக்கத்தில் அது தெளிவாக எழுதியிருக்கிறது. வாசிக்காதது என் பிழை.

அதிலிருந்து என் வாசிப்பு தலைகீழானது. பதிவில் வரும் வரியிலிருந்து கோடுக்கு, கோடிலிருந்து ஆவணத்துக்கு. ஆவணத்தைக் கடைசியாகத் திறக்கும்போது கையில் ஒரு கேள்வி இருக்கும், அதனால் பத்துப் பக்கத்தில் எந்தப் பந்தி தனக்கு வேண்டியது என்று கண்ணே கண்டுபிடித்துவிடும்.

கோப்புப் பெயரை நம்பித் தேடாதீர்கள், இதையும் சொல்லிவிட வேண்டும். பலகையில் என்னென்ன பொருத்தியிருக்கிறது என்று கேர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீயில் இந்தச் சென்சரை எப்படி விவரிப்பது என்ற ஆவணத்தை பிஎம்பி280 என்ற பெயரில் ஒரு பின்னேரம் முழுக்கத் தேடினேன். அது பிஎம்பி085 என்ற கோப்புக்குள் இருக்கிறது. குடும்பத்தில் முதலில் வந்த சிப்பின் பெயரிலேயே கோப்பு நின்றுவிட்டது, பின்னால் வந்தவர்கள் எல்லாரும் அதே வீட்டில் குடியேறிவிட்டார்கள். பெயரை விட்டு உள்ளடக்கத்தைக் கிரெப் பண்ணினால் ஒரு நொடி.

அடுத்தது அலகு. சென்சர் வேலை செய்யத் தொடங்கியதும் கேர்னல் அளவீட்டை வெளியே காட்டும் சிஸ்எஃப்எஸ் கோப்பில் அழுத்தம் 101 சொச்சம் என்று வந்தது, வெப்பநிலை 30500. வானிலை அறிவிப்பில் அழுத்தம் ஆயிரத்துப் பத்து என்றல்லவா சொல்வார்கள்? வெப்பநிலை முப்பதாயிரமா? பத்தால் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்து, 'சரியாகத் தெரியுது' என்று போய்விடலாம். நான் முதலில் அப்படித்தான் போனேன். பிறகு 'ஏபிஐ' (ABI, 'டிரைவர்-ஏபிஐ'யில் வரும் API அல்ல) என்ற அடைவைக் கண்டேன். டிரைவர் படிக்கிற மாணவர்கள் அநேகமாகத் திறக்காத அடைவு அது, எனக்கோ முழு ஆவணத்திலும் அதுதான் தங்கம். கேர்னல் வெளியே காட்டும் ஒவ்வொரு கோப்புக்கும் அது எந்த அலகில் எதைச் சொல்கிறது என்று அங்கே எழுதியிருக்கிறது. அழுத்தம் கிலோபாஸ்கலில், வெப்பநிலை செல்சியஸ் பாகையின் ஆயிரத்தில் ஒரு பங்கில். உள்ளேயும் உறுதியானவை, சோதனையிலுள்ளவை, வழக்கொழிந்தவை, நீக்கப்பட்டவை என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். எதை நம்பி நிரல் எழுதலாம், எதை நம்பக்கூடாது என்பது அதிலேயே தெரியும்.

வாய்மொழிப் பரீட்சையில் முதல் கேள்வி இதிலிருந்துதான் வந்தது.

"தம்பி, இந்த 101 என்ன அலகு?"

"கிலோபாஸ்கல், சேர்."

"எப்படித் தெரியும்? ஆயிரத்துப் பத்தோட ஒப்பிட்டுப் பார்த்தோ?"

ஏபிஐ அடைவில் இருக்கிறது என்று சொல்லி லப்டொப்பிலேயே திறந்து காட்டினேன். அவர் பக்கத்தில் இருந்த மிஸ்ஸைப் பார்த்துத் தலையாட்டினார். அதற்குப் பிறகு எனக்குக் கை நடுங்கவில்லை.

என் சொந்த டிரைவரின் கதை வேறு. அதற்குக் கேர்னல் ஆவணம் போதாது, சிப் தயாரிப்பாளரின் தரவுத்தாள் வேண்டும். சிப்புக்குள் ஹெக்ஸ் 88 இலிருந்து 24 பைட்டில் பன்னிரண்டு திருத்தக் குணகங்கள் இருக்கின்றன. மூல அளவீட்டை அவற்றோடு சேர்த்துக் கணக்குப் போட்டால்தான் அழுத்தம் வரும். அதற்கும் முதலில் வெப்பநிலையை வாசித்தாக வேண்டும், ஏனென்றால் அந்த விடை அழுத்தச் சூத்திரத்துக்குள் போகிறது. குணகங்களில் இரண்டு மட்டும் குறியற்றவை (கழித்தல் பெறுமானம் வராதவை), மற்றப் பத்தும் குறியுள்ளவை. நான் எல்லாவற்றையும் குறியற்றவையாக எடுத்தேன். அலஸ்தோட்டத்தில் எங்கள் வீட்டு ஜன்னலில், இமயமலை உச்சியில்கூட இல்லாத அழுத்தம் வந்தது.

அதைத் திருத்திய பிறகு வந்தது பெரிய தலையிடி. காலை பத்து மணிவாக்கில் அழுத்தம் ஏறும், பின்னேரம் நாலு மணிக்கு இறங்கும், இரவு பத்துக்கு மறுபடி ஏறும், விடியப்புறம் நாலுக்கு இறங்கும். இரண்டு மூன்று ஹெக்டோபாஸ்கல்தான், ஆனால் நாள் தவறாமல். ஒருமுறை சூடு கண்ட நான் இதுவும் என் கணக்குப் பிழைதான் என்று மூன்று இரவு சூத்திரத்தைக் கிண்டினேன். கேர்னலின் டிரைவரை ஏற்றிப் பார்த்தால் அதுவும் அதே ஏற்ற இறக்கத்தைக் காட்டியது. மாமா உப்புவெளியில் படகு வைத்திருப்பவர். வாடைக்காலத்தில் உதவுமென்று அவருக்கு வரைபைப் போனில் அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் வந்து சொன்னார், "டேய், உன்ட பெட்டி நாளாந்தம் நாலு மணிக்கு விழுகுது. அதைப் பார்த்தா நான் ஒருநாளும் கடலுக்குப் போகேலாது."

பிழை எங்குமே இல்லை. சூரிய வெப்பத்தால் வளிமண்டலத்தில் எழும் அலை அது. கடலுக்கு வற்றுப்பெருக்கு இருப்பதுபோல் காற்றுக்கும் நாளுக்கு இரண்டு தரம் உண்டு, நம்மைப் போல் வெப்பவலயத்தில் இருப்பவர்களுக்கு அது நன்றாகவே தெரியும். எந்தக் கேர்னல் ஆவணத்திலும் இது இராது. அலகைச் சொல்வது ஆவணத்தின் வேலை. எது இயல்பு என்று தெரிந்திருப்பது அளக்கிறவரின் வேலை. அந்த வரைபைச் செயற்றிட்ட அறிக்கையில் முழுப்பக்கத்தில் போட்டேன், மிஸ் அதைப் பற்றித்தான் கூடுதலாகக் கேட்டார்.

இன்னொரு கேள்விக்குத் தயாராகப் போங்கள், டிரைவர் செய்யும் எவரிடமும் கேட்பார்கள்: ஸ்பின்லொக்கா மியூடெக்ஸா? இரண்டும் ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டுகள், முதலாவது காத்திருப்பவரைச் சுற்றிக்கொண்டே நிற்க வைக்கும், மற்றது தூங்க விடும். நான் ஐ-டு-சி வாசிப்பைச் சுற்றி ஸ்பின்லொக் போட்டிருந்தேன், வேகமானது என்று எங்கேயோ வாசித்ததால். கேர்னல் 'அணுநிலையில் (இடையில் விட்டுக்கொடுக்கக் கூடாத நேரத்தில்) இருக்கும்போது பணிமாற்றம்' என்ற அர்த்தத்தில் ஒரு நீண்ட திட்டைப் பதிவில் கொட்டியது. ஐ-டு-சி பரிமாற்றம் முடியும்வரை டிரைவர் தூங்க நேரிடும், ஸ்பின்லொக்கைப் பிடித்துக்கொண்டு தூங்கவே கூடாது. மியூடெக்ஸ் போட்டதும் அடங்கியது. 'லொக்கிங்' அடைவை நான் வாசித்தது அந்தத் திட்டு வாங்கிய பிறகுதான், அதனால் இன்றுவரை மறக்கவில்லை.

பதிப்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இணையத்தில் நீங்கள் திறக்கும் கேர்னல் ஆவணம் ஆகப் புதிய பதிப்புக்கானது. என் பையில் இருந்தது 6.1. ஐ-டு-சி டிரைவரின் ப்ரோப் சார்பு 6.3 இலிருந்து ஓர் அளபுருவோடு நின்றுவிட்டது, 6.1 இல் இரண்டு. புதிய ஆவணத்தைப் பார்த்து எழுதி, பழைய கேர்னலில் கம்பைல் பண்ணி, சுட்டி வகை பொருந்தவில்லை என்று எச்சரிக்கை வாங்கினேன். யூடியூப் பாடங்களில் இதற்கு நேர்மாறான சிக்கல் வரும். கேர்னலின் உள் இடைமுகம் ஏன் நிலையாக வைக்கப்படுவதில்லை என்று கேர்னல் பராமரிப்பாளர் கிரெக் குரோவா-ஹார்ட்மன் எழுதிய ஆவணம் 'ப்ராசஸ்' அடைவில் இருக்கிறது, கொஞ்சம் கோபத்தோடு எழுதியது, வாசிக்கச் சுவையானது. அதை மட்டும் முதல் வரியிலிருந்து கடைசி வரை வாசிக்கலாம். மற்றதற்கெல்லாம் உங்கள் பலகையில் ஓடும் பதிப்பின் மூலநிரலை இறக்கி, அதற்குள் இருக்கும் ஆவணத்தையே பாருங்கள். 6.1 இன் சுருக்கிய கோப்பு ஏறத்தாழ 130 எம்பிதான். மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியால் முழு வரலாற்றையும் இறக்கப் போனால் ஜிபிக் கணக்கில் டேட்டா போகும், ஆழம் ஒன்று என்று கொடுத்து மேலோட்டமாக எடுங்கள். அழகான பக்கங்களாக வேண்டுமென்றால் ஸ்பிங்க்ஸ் கொண்டு ஒரே ஒரு அடைவை மட்டும் கட்டச் சொல்ல வழியிருக்கிறது. முழுவதையும் கட்டப் போய் என் நாலு ஜிபி லப்டொப் மூச்சடைத்துப் போனது.

பரீட்சை முடிந்த பிறகு ஒரு திருத்தமும் அனுப்பினேன். பெரிதாக ஒன்றுமில்லை, ஆவணமொன்றில் ஒரே சொல் இரண்டு தரம் அடுத்தடுத்து வந்திருந்தது. முதல் தடவை வழக்கமான மின்னஞ்சலில் அனுப்பி, எச்டிஎம்எல் வடிவம் என்று திரும்பி வந்தது. கிட்டின் மின்னஞ்சல் கட்டளையால் வெறும் எழுத்தாக, கையொப்ப வரியோடு அனுப்பியதும் எடுத்துக்கொண்டார்கள். யாருக்கு அனுப்புவது என்று குழம்ப வேண்டாம், கோப்பைக் கொடுத்தால் அதற்குப் பொறுப்பானவர்களைச் சொல்லும் ஸ்கிரிப்ட் மூலநிரலோடேயே வருகிறது.

கடைசியாக, போன மாதம் மட்டும் மூன்று பேர் கேட்ட கேள்வி: சென்சர் வாங்கும்போது ஏமாறாமல் இருப்பது எப்படி? காசு கட்ட முன் விற்பவரிடம் கிட்டவாக எடுத்த படமொன்று கேளுங்கள். பலகையில் இருக்கும் அந்தச் சின்ன உலோக மூடி பிஎம்இ280 இல் பக்கத்துக்கு 2.5 மில்லிமீற்றர் சதுரம். பிஎம்பி280 இல் 2 க்கு 2.5, கொஞ்சம் நீள்சதுரமாகத் தெரியும். என்னுடையது நீள்சதுரம்.