போன பாக்கெட் திரும்பி வரவில்லை

வீட்டு நெட்வொர்க்கையும் அலுவலக நெட்வொர்க்கையும் வயர்கார்டு டனல் (இணையத்தின் மேல் போடும் மறையாக்கப்பட்ட தனி வழி) போட்டு இணைத்தேன். டனல் அரை மணி நேரத்தில் வந்துவிட்டது. ரூட்டிங், அதாவது எந்த முகவரிக்கு எந்த வழி என்று சொல்வது, சரியாவதற்கு இரண்டு நாள் ஆனது.

அமைப்பு இதுதான். வீட்டில் 192.168.10.0/24, அதாவது 192.168.10 என்று தொடங்கும் முகவரிகள். அங்கே ஒரு சின்ன லினக்ஸ் பெட்டியே ரவுட்டர், டனலும் அதில்தான். அலுவலகத்தில் 192.168.20.0/24. அங்குள்ள ரவுட்டர் 20.1 (192.168.20.1-இன் சுருக்கம், மற்றவையும் இப்படியே), இணைய இணைப்போடு வந்தது, அதில் வயர்கார்டு ஓடாது. அதனால் 20.5 என்ற லினக்ஸ் கணினியில் டனலை முடித்தேன். எனக்கு வேண்டியது 20.50-இல் இருக்கும் கோப்பு சர்வர். முன்பு இரண்டு இடமும் 192.168.1.0/24 ஆகவே இருந்தன. அப்படி இருந்தால் கணினி அந்த முகவரியைத் தன் பக்கத்திலேயே தேடும், டனல் பக்கமே போகாது. எண்களை மாற்றிய பிறகுதான் மற்ற வேலையைத் தொடங்கினேன்.

வீட்டிலிருந்து 20.5-க்கு பிங் (இருக்கிறாயா என்று கேட்கும் சோதனை) போட்டால் பதில் வந்தது. 20.50-க்குப் போட்டால் மௌனம். 20.5-இல் ஐபி ஃபார்வர்டிங் 0 என்று இருந்தது, 1 ஆக்கினேன். லினக்ஸ் இயல்பாக அடுத்தவர் பாக்கெட்டை (நெட்வொர்க்கில் போகும் தகவல் துண்டை) கடத்திவிடாது, நாம்தான் சொல்ல வேண்டும். அப்புறமும் மௌனம்தான்.

சரி, ஊகிப்பதை விட்டுவிட்டு 20.5-இல், வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் ஓட்டினேன். டனல் வழியாகக் கேள்வி வந்தது. அலுவலக நெட்வொர்க் பக்கம் வெளியேறியதும் தெரிந்தது. பதில் ஒன்றுகூட வரவில்லை. சர்வர்தான் பதில் சொல்ல மறுக்கிறது என்று முடிவு கட்டி, அதன் ஃபயர்வாலை ஒரு மணி நேரம் குடைந்தேன். அங்கே எந்தத் தடையும் இல்லை.

கடைசியில் சர்வருக்குள்ளேயே போய் டிசிபிடம்ப் ஓட்டினேன், இம்முறை மேக் முகவரியும் (நெட்வொர்க் கார்டின் வன்பொருள் எண்) தெரியும்படி. ஒவ்வொரு கேள்விக்கும் அடுத்த வரியிலேயே பதில். சர்வர் ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தது! கேள்வி வந்தது 20.5-இன் மேக் முகவரியிலிருந்து. பதில் போனதோ 20.1-இன் மேக் முகவரிக்கு.

அங்கேதான் விஷயம் பிடிபட்டது. சர்வருக்கு 192.168.10 எங்கே இருக்கிறது என்று தெரியாது. தெரியாத முகவரி எதுவானாலும் டீஃபால்ட் கேட்வேக்குத்தான் அனுப்பும். கேட்வே 20.1. அதற்கும் டனல் பற்றித் தெரியாது, அதனால் பதிலை இணையத்தின் பக்கம் தள்ளிவிட்டது. 192.168 என்று தொடங்கும் முகவரிகள் 1996-இல் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற இணையத் தர ஆவணம் தனி நெட்வொர்க்குகளுக்கென ஒதுக்கியவை. பொது இணையத்தில் அவற்றுக்கு வழியே கிடையாது. பதில் அங்கேயே தொலைந்தது. நான் இரண்டு நாளும் போகும் பாதையையே சோதித்துக்கொண்டிருந்தேன், திரும்பும் பாதையை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

20.1-இல் ஸ்டாட்டிக் ரூட் (கையால் எழுதும் நிலையான வழி) போடலாம் என்றால், அந்த ரவுட்டரின் மெனுவில் அந்த வசதியே இல்லை. 20.5-இல் மாஸ்கரேட் (கடந்துபோகும் பாக்கெட்டின் அனுப்புநர் முகவரியைத் தன் முகவரியாக மாற்றுவது) போட்டுப் பார்த்தேன், உடனே வேலை செய்தது. ஆனால் வீட்டிலிருந்து யார் வந்தாலும் சர்வர் பதிவில் 20.5 என்றே விழுந்தது. யார் எந்தக் கோப்பைத் தொட்டார்கள் என்று பார்க்க வேண்டிய இடத்தில் அது எனக்கு ஒப்பவில்லை. எடுத்துவிட்டு, சர்வரிலேயே ஒரு ரூட் சேர்த்தேன்: 192.168.10.0/24 போக வேண்டுமானால் 20.5 வழியாகப் போ. பிங் வந்தது, கோப்புகளும் திறந்தன.

அதே ரூட்டை ஒரு விண்டோஸ் கணினியிலும் சேர்த்தேன், பிங் வரவில்லை. இங்கே குற்றவாளி நிஜமாகவே ஃபயர்வால்தான். பிங்கை அனுமதிக்கும் அதன் விதியில் எல்லை ‘உள்ளூர் சப்நெட்’ என்று இருந்தது, அதாவது அதே நெட்வொர்க்கிலிருந்து வருபவை மட்டும். வீட்டு சப்நெட்டையும் அதில் சேர்த்ததும் பதில் வந்தது.

மறுவாரம் சர்வரை ரீஸ்டார்ட் செய்தபோது மறுபடியும் மௌனம். இம்முறை நேராக சர்வரின் ரூட்டிங் டேபிளைப் பார்த்தேன். நான் கட்டளையாகச் சேர்த்த ரூட் ரீஸ்டார்ட்டில் போயிருந்தது. அதை நெட்வொர்க் அமைப்புக் கோப்பிலேயே எழுதி, இன்னொரு முறை ரீஸ்டார்ட் செய்து, பிங் வந்ததைப் பார்த்த பிறகுதான் எழுந்தேன்.